செவுளி கடித்த கை

சாளை மீன் மலிந்து கிடந்த ஒரு வருஷத்தில், மழைக்கு முந்தின மாசத்தில், மதியம் ரெண்டு மணிக்குச் சலேத்து தன் மகளை அடிக்கக் கையை ஓங்கினாள், ஓங்கிய கை இறங்கியது, ஆனால் அடிக்கவில்லை.

பிள்ளை செய்தது பெரிய தப்பில்லை. குடத்துத் தண்ணீரில் மண்ணைப் போட்டுவிட்டாள், அவ்வளவுதான். ஆனால் அந்தக் குடத்துக்காகச் சலேத்து அடிபம்பில் ஒரு மணி நேரம் நின்றிருந்தாள், அதற்கு முன்னால் புருஷனிடம் வாங்கிய அடி தோளில் அப்படியே கனத்துக்கொண்டு கிடந்தது, அது தோளிலிருந்து முழங்கைக்கு இறங்கி, முழங்கையிலிருந்து உள்ளங்கைக்கு வந்துவிட்டது, அதை எங்கேயாவது இறக்கி வைக்காவிட்டால் மூச்சு விட முடியாது போல இருந்தது, இறக்கி வைக்க அந்த வீட்டில் அவளைவிடச் சின்னதாக இருந்தது ஐந்து வயசுப் பனிமா ஒருத்திதான். பனிமா எப்போதும்போலக் கண்ணை இறுக்கி மூடி, கழுத்தை உள்ளே இழுத்து, சுவரோடு சாய்ந்து தயாராக நின்றாள். கை கன்னத்தில் பட்டது. சத்தமே இல்லை. பிள்ளை ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள்.

"கூசுதும்மா," என்றாள். "இன்னொருக்க."

சலேத்து இன்னும் ஓங்கி அடித்தாள். பனிமா சிரித்தாள். கன்னத்தில் அரிசி குத்தின மாதிரி நாலு சின்னப் புள்ளி பதிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்தது. சலேத்து தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். மணிக்கட்டுக்குக் கீழே அதே நாலு புள்ளி இருந்தது.

அது செவுளி வைத்தது.

ஐஸ் கம்பெனி மதிலை ஒட்டிப் பதினாறு பெண்கள் வரிசையாக அரிவாள்மணை போட்டு உட்கார்ந்து, சனங்கள் வாங்கிவரும் மீனை வெட்டிக் கொடுப்பார்கள். அந்த வரிசையில் விழுகிற மீன் செவுளைத் தின்றே வளர்ந்த வெள்ளைப் பூனை அது, அதனால்தான் அந்தப் பேர். அன்றைக்குக் காலையில் வேலை முடிந்து சலேத்து கையைக் கழுவி உட்கார்ந்தபோது மடியில் வந்து படுத்தது. தடவினாள். தடவத் தடவக் கண் சொருகிக் கிடந்த பூனை, திடீரென்று முன்கால் இரண்டாலும் அவள் கையைக் கட்டிப் பிடித்து, பல்லை வைத்து, அழுத்தாமல், அப்படியே வைத்துக்கொண்டு அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. ஒரு மூச்சு நேரம். பிறகு விட்டுவிட்டு, பல் பட்ட இடத்தை நக்கியது.

"இது ஏன் மைனி இப்பிடிச் செய்யுது? தடவிட்டுத்தான இருந்தேன்," என்று பக்கத்து மணைக்காரி கித்தேரியிடம் கேட்டாள் சலேத்து.

"மீன் கவுச்சிட்டி," என்றாள் கித்தேரி. கித்தேரிக்குத் தெரியாத விஷயம் அந்த வரிசையில் கிடையாது, தெரியாவிட்டாலும் சொல்லிவிடுவாள். "நீ சோப்பு போட்டுக் கழுவினாலும் கவுச்சி போவுமா? ஒன் கையயும் சாளைன்னு நெனைக்கி."

வரிசை முழுக்க அதை ஒத்துக்கொண்டது. அந்த ஒரு பேச்சுதான் பின்னால் வந்த எல்லா ரத்தத்துக்கும் காரணம்.

தன் கை அடிக்கவில்லை என்பதைச் சலேத்து யாரிடமும் சொல்லவில்லை. இப்போது கை என்ன செய்ய மாட்டேன் என்கிறது என்று சொல்ல வேண்டுமென்றால், இத்தனை நாளும் அது என்ன செய்தது என்றும் சொல்ல வேண்டியிருக்கும். அவள் சும்மாவே பேச்சு வராதவள். நாலாங்கிளாஸோடு நின்றவள், கடையில் பாக்கிச் சில்லறையைக் கேட்கக்கூட வெட்கப்படுகிறவள். செவுளி மறுநாளும் வந்து கடித்தது, அதற்கு மறுநாளும் கடித்தது. அவள் கையைக் கொடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

ஆனால் கித்தேரிக்கும் கடி விழுந்தது. அடிபம்பில் குடத்தை முந்தி வைத்தவளைக் கித்தேரி அறைந்தாள், அறை வாங்கியவள் விழுவதற்குத் தயாராகக் காலை அகட்டி நின்று, ஒன்றும் நடக்காமல் போனதும் "என்ன மைனி, தடவிக் குடுக்கிய?" என்று கேட்டாள். கித்தேரி மூணு தரம் அறைந்து பார்த்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், தன் தொடையில் தானே அடித்துப் பார்த்தாள். அப்புறம் கோழிக்கடைச் சேசையா. அவர் கடையில் ஒதுங்கிய பூனையைத் தடவியதற்கு அது கடித்தது, மறுநாள் கோழிக் கழுத்தில் கத்தியை வைத்தால் கத்தி இறகைக் கோதிவிட்டது. கோழிகள் வளர்ந்து, முட்டையிட்டு, கடைக்குள்ளேயே குஞ்சு பொரித்துக் கல்லாப்பெட்டியில் ஏறி உட்கார்ந்தன, சேசையா முட்டைக்கடைக்காரர் ஆனார். குடித்துவிட்டு உருண்டவர்களைப் பிரிக்க வந்த போலீஸ் ஏட்டு, காலில் வந்து உரசிய பூனையைக் குனிந்து தடவினார், அவர் லத்தி அதற்குப் பிறகு யார் முதுகில் பட்டாலும் முதுகு சொறிந்த மாதிரி சுகமாக இருந்தது, அவர் வெட்கப்பட்டு மெடிக்கல் லீவு போட்டார்.

யாரும் இதை அதிசயம் என்று சொல்லவில்லை. கடல் தினமும் எதையாவது கொண்டுவந்து போடுகிற ஊரில் அதிசயத்துக்கு நேரம் கிடையாது, அவர்கள் கவலை எல்லாம் கொசு. செவுளி கடித்த கை விறகை உடைக்கும், தேங்காயை உடைக்கும், செத்த மீனின் தலையைத் துண்டாக்கும், உயிருள்ள எதையும் மட்டும் அந்தக் கடிக்கு மேல் நோகவைக்காது, அதில் கொசுவும் சேர்த்தி. கடிபட்ட வீடுகளில் கொசுவை வாயால் ஊதி ஊதி விரட்டினார்கள். யாருக்குக் கடி விழுந்திருக்கிறது என்பதை அவர்கள் காலில் இருக்கிற கொசுத் தடிப்பை எண்ணியே சொல்லிவிடலாம். உயிர் நண்டு வாங்கினால் அது தானாகச் சாகிற வரைக்கும் அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்கள், அது சட்டிக்குள்ளிருந்து கண்ணை நீட்டி நீட்டி அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. பொண்ணு கொடுக்கிறவர்கள் முதலில் மாப்பிள்ளையின் கையைத் திருப்பிப் பார்த்தார்கள். மாமியார்கள் பூனையைக் கண்டால் முந்தானைக்குள் கையை மறைத்தார்கள். ஊர்க் கமிட்டி கூடி, பூனையை ஊரைவிட்டுக் கொண்டுபோய் விடுவதா வேண்டாமா என்று பேசிப் பேசி, பேச்சு முற்றி, இரண்டு கட்சியும் அடித்துக்கொண்டார்கள், பாதிப் பேரின் அடி வலிக்கவில்லை, பாதிப் பேரின் அடி வலித்தது, அது அநியாயம் என்று கூட்டம் கலைந்தது.

ஆம்பிளைகளில் பலர் தப்பித்திருந்தார்கள். பூனையை மடியில் வைத்துத் தடவ அவர்களுக்கு எங்கே நேரம். ஆனால் அவர்கள் நினைத்தது வேறு. கவுச்சிக்குத்தான் கடிக்கிறது என்று ஊர் சொன்னதால், கையைச் சீயக்காய் போட்டுக் கழுவி, எலுமிச்சம்பழம் தேய்த்து, சிலபேர் மண்ணெண்ணெயும் தடவிக்கொண்டு திரிந்தார்கள். அவர்களில் முதல் ஆள் தொபியாஸ், சலேத்தின் புருஷன்.

தொபியாஸ் ஐஸ் கம்பெனியில் ஐஸ் பார் உடைக்கிறவன். ஆள் உயரத்துக்கு இருக்கிற ஐஸ் பாரைக் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் ஒரே அடியில் இரண்டாகப் பிளப்பான், அதைப் பார்க்கவே சனம் நிற்கும். அவன் மீனைத் தொடுவது கிடையாது, கையில் ஐஸின் வாசம்தான் அடிக்கும், அதாவது ஒரு வாசமும் அடிக்காது. அந்தக் கையால்தான் போன தவக்காலத்தில், சோறு குழைந்துபோனதற்கு, சலேத்தின் மேல்வரிசைப் பல் ஒன்றைத் தட்டினான். பல் தரையில் கிடந்த மீன் செதிலுக்குள் விழுந்தது, அவள் குனிந்து செதிலோடு சேர்த்துப் பெருக்கி அள்ளினாள். கேட்டவர்களிடம், "மாடிப்படியில விழுந்துட்டேன்," என்றாள். அந்த வரிசையில் மாடி வீடே கிடையாது. கேட்டவர்கள் எல்லாரும், "பாத்து எறங்கக் கூடாதா," என்றார்கள்.

"பொம்பளைக கடிபட்டா சரி," என்று டீக்கடையில் தொபியாஸ் சொன்னான். "ஆம்பள கை மெத்துனு ஆயிட்டா வீட்டுல எவ மதிப்பா? கேட்டேம்லா, எவ மதிப்பா?"

"சேசையா அண்ணன கோழியே மதிக்க மாட்டேங்கு," என்று ஒருவன் சொன்னான், கடை சிரித்தது.

வரிசையில் கித்தேரி சலேத்தின் காதுக்குப் பக்கத்தில் வந்தாள். "ஏட்டி, ஒம் மாப்பிள்ள கையில ஒரு கடி விழட்டும். ஒனக்கு மிச்சப் பல்லாவது மிஞ்சும்."

"அவுக கையில கவுச்சியே இல்லயே மைனி."

"இல்லன்னா பூசு."

சலேத்து மூணு நாள் யோசித்தாள். நாலாம் நாள், விடியக்காலை வேலை முடித்து வந்து தொபியாஸ் மதியம் வாய் பிளந்து தூங்கும்போது, இரண்டு சாளையின் குடலைப் பிதுக்கி, ரத்தத்தோடு, அவன் வலது கை முழுக்க, விரலிடுக்கு விடாமல், பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி பயந்து பயந்து தேய்த்தாள். அந்தக் கையை அவள் அத்தனை நேரம் தொட்டுக்கொண்டிருந்தது கல்யாணம் ஆனதிலிருந்து அதுதான் முதல் தடவை. பிறகு செவுளியைத் தூக்கிக்கொண்டுவந்து பக்கத்தில் விட்டாள்.

செவுளி மோந்து பார்த்தது. நக்கியது. அப்புறம் தலையைச் சாய்த்து, கடைவாயைத் திறந்து, பெரிய மீனின் வாலைக் கடிக்கிற மாதிரி, கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற சதையில் பல்லை முழுசாக இறக்கி, இழுத்துக் கிழித்தது.

தொபியாஸ் போட்ட சத்தத்தில் கம்பெனி மதிலில் இருந்த காக்கை எல்லாம் எழும்பியது. கையை உதறினான், பூனை கூடவே தொங்கிக்கொண்டு வந்தது, சுவரில் அடித்தான், அப்போதுதான் விட்டது. சுவரில் ஒரு ஆள் உயரத்துக்கு ரத்தம் தெறித்தது. சலேத்து முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். ஆஸ்பத்திரியில் கழுவிக் கட்டிய கம்பவுண்டர், "இதுல சாளை ரத்தம்லா இருக்கு, நீரு மீன் வெட்டுற ஆளா?" என்று கேட்டார். தொபியாஸ் வலியில் அதைக் காதில் வாங்கினான், மனசில் வாங்கவில்லை. அது உள்ளே போய்ச் சேர எட்டு நாள் ஆயிற்று.

கடி எவ்வளவோ கை அவ்வளவு. அந்தக் கணக்குச் செவுளிக்கும் மாறாது, ஊருக்கும் மாறாது. மற்றவர்களுக்குப் பூனை மெதுவாக வைத்ததால் கை மெதுவானது. இவனுக்கு அது தீனியைக் கடிக்கிற மாதிரி கடித்துவிட்டது, இனி இவன் கை உயிருள்ள எதைத் தொட்டாலும் அந்தக் கடிக்குக் குறைந்து தொடாது.

முதலில் அது அவனுக்குப் பிடித்திருந்தது. நலம் விசாரிக்க வந்த கூட்டாளியின் கையைப் பிடித்தான், கூட்டாளியின் விரல் முறுக்கு மாதிரி நொறுங்கியது. "இந்த வரிசையில இப்பதாம்ல ஒரு கை இருக்கு," என்று சிரித்தான். அன்றைக்குச் சாயந்திரம் சலேத்தை அடித்தான், ஒரே ஒரு அடிதான், அவள் காறை எலும்பு முறிந்து தோலுக்குள் தூக்கிக்கொண்டு நின்றது. அவள் இடது கையைக் கழுத்தில் தொட்டில் கட்டித் தொங்கப்போட்டுக்கொண்டு மறுநாள் மணைக்கு வந்தாள். யாரும் கேட்கவில்லை. அவளும் படிக்கட்டைச் சொல்லவில்லை. கித்தேரி மட்டும் தலையைக் குனிந்து மீன் வெட்டிக்கொண்டே அழுதாள்.

மூணாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தொபியாஸ் கோவிலுக்குப் போய்விட்டு வரும்போது மகளுக்குக் குச்சி ஐஸ் வாங்கி வந்தான். குடிக்கவில்லை, கோபம் இல்லை, நல்ல சட்டை போட்டிருந்தான். "பனிமாக்குட்டி," என்று கூப்பிட்டு, குச்சி ஐஸை இடது கையால் கொடுத்து, வலது கையால் கன்னத்தைத் தட்டினான், எல்லா அப்பாவும் தட்டுகிற மாதிரிதான் தட்டினான். பிள்ளையின் கன்னத்தில் நாலு பொத்தல் விழுந்து, அதிலிருந்து ரத்தமும், வாயிலிருந்த பால் ஐஸும் சேர்ந்து ரோஸ் நிறத்தில் வடிந்தது. பனிமா அழக்கூட இல்லை. அப்பாவைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"நான் தடவத்தானட்டி செஞ்சேன்," என்றான் அவன். "ஏட்டி சலேத்து, பாத்தியா நீ? தடவத்தான செஞ்சேன்."

அவன் ஐஸ் கட்டுகிற கயிற்றால் அந்தக் கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். இடது கையால் தின்றான், இடது கையால் கொட்டாப்புளி பிடித்தான், ஐஸ் நேராகப் பிளக்காமல் பொடிப்பொடியாகச் சிதறியது. முகத்தில் ஈ உட்கார்ந்தால் மறந்துபோய் வலது கையை உருவி ஓட்டப்போய்த் தன் கன்னத்தையே கிழித்துக்கொண்டான். சலேத்து பிள்ளையின் கன்னத்துக் கட்டை மாற்றும்போதெல்லாம் அந்தப் பொத்தலை எண்ணினாள். நாலும் தன் கை பூசிய சாளை போட்ட பொத்தல் என்று அவளுக்குத் தெரியும். கயிறு எத்தனை நாளைக்குத் தாங்கும் என்றுதான் அவளுக்குத் தெரியாது.

செவுளி சுவரில் அடிபட்ட விலாவோடு நொண்டிக்கொண்டு, சலேத்தின் அரிவாள்மணைக்குப் பின்னால் ஒரு சாக்குக்குள், முந்தின மாசம் போட்ட மூணு குட்டியை வைத்திருந்தது. பனிமா நாள் முழுக்க அதன் முன்னால் குப்புறப் படுத்துக் கிடந்தாள்.

"அம்மா, இங்க பாரேன். குட்டி செவுளி காத நல்லா கடிச்சிட்டு."

"பால் குடிக்கிற குட்டிலா, அதுக்கு என்ன தெரியும்."

"இல்லம்மா. செவுளி அதத் திருப்பிக் கடிக்கி. மெதுவா. கடிச்சிட்டு அப்படியே வச்சிக்கிட்டு இருக்கு. குட்டி இப்ப சும்மா இருக்கு."

சலேத்து திரும்பிப் பார்த்தாள். குட்டியின் கழுத்து முழுசாகத் தாயின் வாய்க்குள் இருந்தது. காலையில்தான் அதே வாய் ஒரு பெருச்சாளியின் முதுகெலும்பை ஒரே நெரியாக நெரித்ததை அவள் பார்த்திருந்தாள். அந்தப் பல்தான் இது. குட்டி உடம்பைத் தளரவிட்டதும் செவுளி வாயைத் திறந்து, குட்டியை நக்கியது, பிறகு நிமிர்ந்து சலேத்தைப் பார்த்தது, முதல் நாள் பார்த்த அதே பார்வை.

கவுச்சி இல்லை, ஒன்றும் இல்லை. கவுச்சிக்குக் கடித்தால் எப்படிக் கடிக்கும் என்றுதான் ஊரே பார்த்துவிட்டதே. தன் பல் எவ்வளவு தூரம் போகும் என்று தெரியாத குட்டிக்குத்தான் அது மெதுவாக வைத்துக் காட்டுகிறது, ஊரில் இத்தனை பேரைவிட்டு முதலில் தன் கையைத் தேடி வந்து ஏன் வைத்தது என்பதும் அப்போது அவளுக்குத் தெரிந்தது. செதில் சுரண்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அவளுக்கு முகம் சுட்டது.

அன்றைக்கு அதே மதியம் தொபியாஸ் வந்தான்.

கம்பவுண்டர் சொன்னது எட்டு நாள் கழித்து, சாராயத்தோடு சேர்ந்து, உள்ளே போய்ச் சேர்ந்திருந்தது. கயிறு அறுந்து இடுப்பில் தொங்கியது. வரிசைக்கு நடுவில் வந்து நின்று, அமைதியாகத்தான் கேட்டான்.

"எங் கையில சாளை பூசினது ஆருட்டி?"

பதினாறு அரிவாள்மணையும் நின்றது. செவுளிக்குத்தான் பயம் தெரியவில்லை. நொண்டிக்கொண்டே சாக்கிலிருந்து வெளியே வந்து, குட்டிகளுக்கும் அவனுக்கும் நடுவில் நின்றது. அவன் குனிந்து அதை வலது கையால் எடுத்தான். செவுளி ஒரு தடவைதான் கத்தியது. எலும்பு உடைகிற சத்தம் ஐஸ் பார் விரிசல் விடுகிற சத்தம் மாதிரியே இருந்தது. அவன் அதை மீன் குடல் குவிந்த கூடையில் போட்டான், கை முழங்கை வரைக்கும் சிவப்பாக இருந்தது.

வரிசை மொத்தமும் எழும்பியது. கித்தேரி முதலில் பாய்ந்தாள், முதுகில் குத்தினாள், சேசையா கடையிலிருந்து ஓடிவந்தார், லீவில் இருந்த ஏட்டுகூட லுங்கியோடு ஓடிவந்தார், இருபது பேர், எல்லாரும் இரண்டு கையிலும் கடிபட்டவர்கள், நாற்பது கையும் அவன்மேல் விழுந்தது, விழுந்த எதுவும் வலிக்கவில்லை. பூ உதிர்ந்த மாதிரி உதிர்ந்தன. இறுக்கிப் பிடிக்கப் பார்த்தார்கள், வலிக்கப்போகிற இடத்துக்கு வந்ததும் பிடி தானே நழுவியது. கித்தேரி தன் அரிவாள்மணையைத் தூக்கி அவன் தோளில் போட்டாள், அது வாழையிலை மாதிரி பட்டு வழுக்கிக் கீழே விழுந்தது. "எங் கையே! பாழாப்போன எங் கையே!" என்று தன் கையைத் தானே கடித்துக்கொண்டு அலறினாள். தொபியாஸ் அத்தனை பேரையும் கொசுவலையை விலக்குகிற மாதிரி விலக்கிக்கொண்டு வந்து, இடது கையால் சலேத்தின் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான்.

பனிமா ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

"விடுட்டி," என்றான் அவன். பிள்ளையைத் தள்ளிவிடத்தான் குனிந்தான். தள்ளிவிடுவதற்காகத்தான் வலது கை கீழே இறங்கியது, ரத்தம் சொட்டச் சொட்ட, பிள்ளையின் உச்சந்தலையைப் பார்த்து. சலேத்துக்கு ஒரு கை தொட்டிலில் கிடந்தது, இன்னொரு கை செவுளி கடித்த கை. அவளிடம் கடிபடாமல் மிச்சமிருந்தது வாய் ஒன்றுதான். முடி அவன் கையோடு பிய்ந்து போகப் போகத் தலையைத் தாழ்த்தி, இறங்கிக்கொண்டிருந்த அந்த மணிக்கட்டை வாயால் பிடித்தாள்.

பல் தோலில் இறங்கியது. அவன் கை அந்தரத்தில் நின்றது.

"கடி சலேத்து!" என்று கித்தேரி கத்தினாள். "துண்டா எடுத்துருட்டி! நரம்ப அறுத்துரு!" வரிசை முழுக்கச் சேர்ந்து கத்தியது. "கடி! கடி! கடி!"

அவள் வாயில் செவுளியின் ரத்தம் இருந்தது, அதற்கடியில் ஐஸின் ருசி இருந்தது, அதற்கும் அடியில் அவன் நாடி துடித்தது. அதை அறுக்க இன்னும் ஒரு நூல்தான் அழுத்த வேண்டும். அவளால் முடியும். கல்யாணம் ஆனதிலிருந்து வாங்கியதெல்லாம், தோளில் இருந்தது, காறையில் இருந்தது, கன்னத்தில் இருந்தது, எல்லாம் தாடைக்கு வந்து சேர்ந்துவிட்டது, இறக்கி வைக்க இடம் வாய்க்குள்ளேயே இருந்தது. ஆனால் கடி எவ்வளவோ கை அவ்வளவு. இதை அவள் எலும்பு வரைக்கும் கடித்தால், இந்தக் கை இனி எலும்பு வரைக்கும்தான் தொடும். பூனை அல்லாத வாய்க்கு அது பலிக்குமா என்றும் தெரியாது. பலிக்காவிட்டால் அடுத்த மூச்சில் பிள்ளை இருக்காது.

அவள் அழுத்தினாள். தன்னால் முடியும் என்று அவனுக்குத் தெரிகிற வரைக்கும் அழுத்தினாள். அங்கே நிறுத்தினாள். நிறுத்தி, அப்படியே வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் உயர்த்தி அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

கத்திக்கொண்டிருந்த வரிசை ஒவ்வொருவராகக் கத்துவதை நிறுத்தியது. தொபியாஸின் முகத்தில் இருந்த கோபம் எங்கோ போய், ஒரு பயம் வந்தது, முடியைப் பிடித்திருந்த இடது கை தளர்ந்தது. அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

அவன் உடனே அடித்தான். வலது கையால், முழு வீச்சில், ஐஸ் பாரை அடிக்கிற மாதிரி அவள் கன்னத்தில் அடித்தான். அவள் முகம் அசையவில்லை, கன்னத்தில் ஒரு பல்வரிசை மட்டும் லேசாகப் பதிந்து மறைந்தது. திரும்பவும் அடித்தான். கன்னத்தில், தோளில், தலையில், அடித்து அடித்து, அவள் அப்படியே நிற்க நிற்க, மூச்சு வாங்கி, கடைசியில் மீன் தண்ணீர் ஓடுகிற தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"போங்க," என்றாள் சலேத்து. "வீட்டுக்கு வராதீங்க."

அவன் எழுந்து போனான். யாரும் தடுக்கவில்லை.

கித்தேரி முந்தானையால் சலேத்தின் வாயைத் துடைத்தாள். "ஏன்ட்டி விட்ட? அத்தன பேரும் சொன்னோம்லா? அந்தப் பூன மாதிரி மெல்ல வச்சிட்டு விட்டுட்டியே, அவன் மேல அவ்வளவு ஆசயா ஒனக்கு?"

சலேத்து அந்த வரிசையில் நாலு பேர் கேட்கிற மாதிரி இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

"ஆச இல்ல மைனி. செவுளி இந்த ஊர்ல மொதல்ல கடிச்சது என்னயத்தான். கவுச்சிக்கு இல்ல. நான் எம் பிள்ளய அடிப்பேன். அவுக அடிச்சத எல்லாம் நான் இவ மேல எறக்கி வச்சேன். அதுக்குத்தான் கடிச்சிச்சு."

பதினாறு பெண்களும் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக மணையில் உட்கார்ந்து, வெட்டி முடிக்காத மீனை எடுத்தார்கள்.

செவுளியைக் கம்பெனி மதில் ஓரத்தில் புதைத்தார்கள். பிறகு வந்த பூனை எதுவும் அப்படிக் கடித்ததில்லை, கடித்தாலும் அது வெறும் கடிதான். குட்டிகளில் ஒன்று பனிமாவோடு வளர்கிறது. அது விளையாட்டில் ரத்தம் வருகிற மாதிரி கடித்தால், பனிமா அதன் காதை வாயில் வைத்துக்கொண்டு, அது சும்மா இருக்கிற வரைக்கும் சும்மா இருப்பாள். கன்னத்தில் நாலு தழும்பு இருக்கிறது. அதைச் சிரிக்கும்போது விழுகிற குழி என்று நினைத்துப் புதுசாகப் பார்க்கிறவர்கள் கொஞ்சுவார்கள்.

தொபியாஸ் ஐஸ் கம்பெனிக் கொட்டகையிலேயே தங்கிவிட்டான். அவன் கை ஐஸை முன்போலவே ஒரே அடியில் பிளக்கிறது, கொசுவைத்தான் ஊதி விரட்டுகிறான். சில ஞாயிற்றுக்கிழமை ஒரு குச்சி ஐஸோடு ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பான், சிலநாள் பனிமா போய் வாங்கிக்கொள்வாள், சிலநாள் அது அவன் கையிலேயே உருகி ஒழுகும். ஐஸ் வாங்க வருகிற புது ஆட்கள் அவன் மணிக்கட்டைப் பார்த்து, "பூனக்கடியா அண்ணாச்சி?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் குனிந்து பார்ப்பார்கள். பூனையின் பல் இல்லை அது, மனுஷப் பல். மேல்வரிசை முழுசும் வரிசையாகப் பதிந்து ஆறாமல் இருக்கும், நடுவில் ஒரே ஒரு பல்லுக்கு மட்டும் தடம் இல்லாமல், அவன் தோல் அவ்வளவு இடத்தில் மட்டும் நன்றாக இருக்கும். அவன் இன்னொரு கையால் அந்த இடத்தை மூடிக்கொள்வான்.